குறைமாதக் குழந்தைக்கு மூளையில் ரத்தக்கசிவு: வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், இனி எதைக் கவனிப்பது?

குடியாத்தம் தறிக்காரன்:

அனைவருக்கும் வணக்கம். என் மகளைப் பற்றிக் கேட்க வந்திருக்கிறேன். முப்பதாவது வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,280 கிராம். ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு மனைவி ஆலங்காயம் பக்கம் தாய்வீடு போயிருந்தாள். இரவில் வலி எடுத்து, ஆம்புலன்ஸில் வேலூர் வந்து சேர்ந்த சற்று நேரத்திலேயே பிரசவமாகிவிட்டது. முதலில் மூச்சுக்கருவி, பிறகு மூக்கில் காற்றுக்குழாய், எடை கூடிய பிறகு மனைவியின் மார்போடு அணைத்துக் கட்டும் கங்காரு பராமரிப்பு.

மூன்றாம் நாள் தலையில் எடுத்த ஸ்கேனில் இடப்பக்கம் இரண்டாம் நிலை, வலப்பக்கம் முதல் நிலை ரத்தக்கசிவு என்று எழுதியிருக்கிறார்கள். விளக்கம் கேட்டபோது, "சிறிய கசிவுதான், தேதி சொன்னால் தவறாமல் வாருங்கள்" என்பதோடு முடித்துக்கொண்டார்கள். அவர்களுக்கும் கூட்டம்.

இப்போது பிறந்து பதின்மூன்று வாரம். பால் நன்றாகக் குடிக்கிறாள். ஆனால் இன்னும் முகம் பார்த்துச் சிரிக்கவில்லை. அதே வாரத்தில் பிறந்த எதிர்வீட்டுக் குழந்தை ஆளைப் பார்த்தாலே சிரிக்கிறது. மாமியார், "மூளையில் ரத்தம் என்று வெளியில் சொல்லாதீர்கள், பெண் குழந்தை" என்கிறார். மனைவி, குடம் தூக்கியதால் வந்ததா, கிரகணத்தன்று வெளியே போனதால் வந்ததா என்று தன்னையே குடைந்துகொண்டிருக்கிறாள்.

பெரியவர்களுக்கு வருகிற பக்கவாதமும் இதுவும் ஒன்றா? மறுபடி வருமா? குழந்தை நன்றாக இருக்கும்போது மறுபரிசோதனைக்கு அலைவது அவசியமா? ஒரு நாள் தறி நின்றால் அந்த நாள் கூலி போயிற்று. அதையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஓய்வுபெற்ற செவிலி, சத்துவாச்சாரி:

தம்பி, முதலில் உங்கள் மனைவிக்கு. குடமும் கிரகணமும் காரணமில்லை. குறைப்பிரசவத்துக்குத் தொற்று, உயர் ரத்த அழுத்தம், இரட்டைக் கரு, கருப்பைவாய் பலவீனம் என்று காரணங்கள் உண்டு. பல நேரம் எவ்வளவு தேடினாலும் காரணம் கிடைக்காது. கசிவுக்கோ தாய் எந்த வகையிலும் பொறுப்பில்லை. இதை மாமியார் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.

சிரிப்பு விஷயம். நாற்பது வாரத்தில் பிறக்க வேண்டியவள் முப்பதில் பிறந்தாள். பத்து வாரத்தைக் கழியுங்கள். வளர்ச்சிக் கணக்கில் உங்கள் மகளுக்கு இன்று மூன்று வாரம்தான். முகம் பார்த்துச் சிரிப்பது ஆறு முதல் எட்டு வாரத்தில் வரும். எதிர்வீட்டுக் குழந்தையோடு ஒப்பிடுவதை இன்றோடு நிறுத்துங்கள். இரண்டு வயது வரை இந்தத் திருத்திய வயதை வைத்துத்தான் தலை நிற்பது, உட்காருவது, நடப்பது எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். தடுப்பூசிக்கு மட்டும் இந்தக் கழித்தல் கிடையாது. அது பிறந்த தேதிப்படி.

இனி கசிவு. ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டாலும் பக்கவாதம், உடைந்து கசிந்தாலும் பக்கவாதம். குறைமாதக் குழந்தைகளிடம் பெரும்பாலும் காண்பது கசிவுதான். மூளையின் நடுவில் நீர் நிறைந்த அறைகள் உண்டு. அவற்றின் சுவரை ஒட்டி, மூளைச் செல்கள் பிறக்கும் படுகை ஒன்று கருவில் இருக்கும். ஏராளமான ரத்தம் பாயும் இடம், ஆனால் குழாய்களின் சுவர் மிக மெல்லியது. கஞ்சி போடாத நூலைப் பாவில் ஏற்றினால் என்ன ஆகும் என்று தறிக்காரருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏறக்குறைய 32 முதல் 34 வாரத்துக்குள் இந்தப் படுகை தானாகவே சுருங்கி மறைந்துவிடும். அதற்கு முன் பிறக்கும் குழந்தைக்கு ரத்த அழுத்தம் ஏறி இறங்கினாலும், மூச்சு திணறினாலும், ரத்தத்தில் கரியமில வாயு கூடிக் குறைந்தாலும் அந்தக் குழாய்கள் தாங்குவதில்லை. கசிவுகளில் மிகப் பெரும்பாலானவை முதல் 72 மணி நேரத்துக்குள் நடந்துவிடுகின்றன.

படுகைக்குள்ளேயே நின்றால் முதல் நிலை. நீரறைக்குள் இறங்கி, அறை வீங்காமல் இருந்தால் இரண்டாம் நிலை. அறை வீங்கினால் மூன்றாம் நிலை. பக்கத்து மூளைத் திசுவே பாதிக்கப்பட்டால் நான்காம் நிலை. அங்கே ரத்தத்தை வெளியேற்றும் சிரைகள் அடைபடுவதால் திசு அழிகிறது. 1978இல் வகுத்த இந்த வரிசையைத்தான் உங்கள் மருத்துவச் சீட்டிலும் எழுதியிருக்கிறார்கள். முதல் இரு நிலைகளில் பெரும்பாலான குழந்தைகள் நன்றாகவே வளர்கிறார்கள். பெரும்பாலான என்றால் எல்லாரும் அல்ல; மறுபரிசோதனை வேண்டியது அதனால்தான். மறுபடி வருமா என்றால், படுகையே இல்லாமல் போன பிறகு அந்த இடத்தில் மீண்டும் கசிவது மிக அரிது.

கவனிக்க வேண்டியது இப்போதைக்குத் தலைச்சுற்றளவு. கசிந்த ரத்தம் நீர் வடியும் பாதையை அடைத்தால் தலையில் நீர் தேங்கும். உச்சிக்குழி புடைத்து இறுகுவது, கண்மணிகள் கீழ்நோக்கி இறங்கி மேலே வெள்ளை தெரிவது, ஓயாத வாந்தி, குழந்தை சோர்ந்து பால் குடிக்க மறுப்பது, இவற்றில் எது தெரிந்தாலும் மறுபரிசோதனைத் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். வாரம் ஒருமுறை கிராமச் செவிலியர் டேப்பால் அளந்து அட்டையில் குறிக்கட்டும்.

பாலாற்றுப் பெரியவர்:

செவிலியம்மா சொல்வது இருக்கட்டும். எங்கள் காலத்தில் ஸ்கேன் கிடையாது. ஏழாம் மாதக் குழந்தை பிழைக்கும், எட்டாம் மாதக் குழந்தை தங்காது என்பார்கள். என் சித்தப்பா ஏழாம் மாதத்தில் பிறந்து எண்பது வயதுக்கு மேல் வாழ்ந்தார். பஞ்சில் சுற்றி, முறத்தில் வைத்து, வெதுவெதுப்பாக வளர்த்தார்கள். காலையும் மாலையும் நல்லெண்ணெய் தேய்த்து, கைகால் நீவி, காதிலும் மூக்கிலும் இரண்டு சொட்டு விட்டுக் குளிப்பாட்டினால் நரம்பு தானே முறுக்கேறும். எதற்கெடுத்தாலும் படம் எடுத்துப் பெற்றவர்களைப் பயமுறுத்துகிறார்கள்.

ஓய்வுபெற்ற செவிலி, சத்துவாச்சாரி:

ஐயா, உங்கள் சித்தப்பா இருந்தார். முறத்தில் வைத்த மற்ற குழந்தைகள் எத்தனை பேர் தங்கவில்லை என்று அந்தக் காலத்தில் யாரும் எழுதி வைக்கவில்லை. எட்டாம் மாதக் குழந்தைதான் ஏழாம் மாதக் குழந்தையைவிட நன்றாகப் பிழைக்கும். வயிற்றில் தங்கும் ஒவ்வொரு வாரமும் லாபம்.

பஞ்சும் வெதுவெதுப்பும் சரி. எண்ணெய் மென்மையாகத் தடவுவதும் சரி. மூக்கில் எண்ணெய் விடுவது நுரையீரலுக்குள் போய்ச் சளிக்காய்ச்சலாக முடியும், காதிலும் வேண்டாம். தலைகீழாகத் தூக்கி உலுக்குவதும், காலை இழுத்துச் சொடுக்குவதும் கூடவே கூடாது.

ராணிப்பேட்டை அம்மா:

தறிக்காரத் தம்பிக்கு என் மகனைப் பற்றிச் சொல்கிறேன். அவனுக்கு இப்போது ஒன்பது வயது. இருபத்தொன்பதாவது வாரத்தில் பிறந்தான். முதல் வாரத் தலை ஸ்கேன் சுத்தம் என்றார்கள். "ஒன்றுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். நாங்களும் ஊரைக் கூட்டிப் பெயர் வைத்தோம்.

திருத்திய வயதில் ஐந்து மாதம் இருக்கும்போது ஒன்றைப் பார்த்தேன். கிலுகிலுப்பையை எந்தப் பக்கம் நீட்டினாலும் இடக்கைதான் வரும். வலப்பக்கம் நீட்டினால் உடம்பையே திருப்பி இடக்கையால் பிடிப்பான். வலக்கையின் கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் அதன்மேல் மூடியே இருக்கும். குளிப்பாட்டும்போது அந்த உள்ளங்கையைத் திறந்து அழுக்கெடுப்பதே பாடு. வீட்டில் சொன்னால், "உன் மாமனாரும் இடக்கைக்காரர்தானே" என்று சிரித்தார்கள். பக்கத்துக் கிளினிக்கில் காட்டினேன். அங்கிருந்தவரும் அதையே சொன்னார். குறைமாதக் குழந்தை, தாமதமாகத்தான் எல்லாம் வரும், ஒரு வயது ஆகட்டும் என்றார்.

எனக்கு மனம் ஒப்பவில்லை. தாமதம் என்றால் இரண்டு கைக்கும் அல்லவா தாமதம் இருக்க வேண்டும்? சண்டை போட்டுக்கொண்டு வேறொரு மருத்துவமனைக்குப் போனேன். எம்ஆர்ஐ எடுத்தார்கள். மூளையின் இடப்பக்கத்தில் தமனி ஒன்று என்றோ அடைபட்டு, அது ஊட்டிய இடம் தழும்பாகியிருந்தது. பிறப்பதற்குச் சற்று முன்போ பின்போ நடந்திருக்கும் என்றார்கள். வலிப்பு வந்ததா என்று கேட்டார்கள். வரவே இல்லை.

ஒரு வயதுக்கு முன் எந்தக் குழந்தையும் வலக்கை, இடக்கை என்று நிலையாகப் பிரிப்பதில்லை, பிரித்தால் மற்றக் கையைப் பரிசோதிக்க வேண்டும் என்று அந்த மருத்துவர் சொன்னார். இந்த ஒரு வரியைப் பிறந்தவுடன் கொடுத்த அட்டையில் அச்சிட்டிருந்தால் என்ன குறைந்திருக்கும்? இதுதான் இன்றுவரை என் ஆத்திரம்.

அவன் நடக்கிறான், ஓடுகிறான், நான்காம் வகுப்பில் வாய் ஓயாமல் பேசுகிறான். பொத்தான் போடத் துணை வேண்டும். வலக்காலில் பிளாஸ்டிக் தாங்கி அணிகிறான்.

குடியாத்தம் தறிக்காரன்:

அக்கா, நன்றி. படித்ததும் பயமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் சொல்லாமல் விட்டதைவிட இது மேல். செவிலியம்மா பெரும்பாலும் கசிவுதான் என்றார்கள், உங்கள் மகனுக்கு அடைப்பு. என் மகளுக்குக் கசிவோடு அடைப்பும் இருந்திருக்கலாமா? ஸ்கேனில் தெரிந்திருக்காதா?

காட்பாடி இயன்முறை:

நான் பிசியோதெரபிஸ்ட். உங்கள் மகளை நேரில் பார்க்காமல் அவளைப் பற்றி எதுவும் சொல்ல மாட்டேன். பொதுவாகச் சொல்கிறேன்.

உச்சிக்குழி வழியாக எடுக்கும் ஸ்கேன் நடுப்பகுதிக் கசிவை நன்றாகக் காட்டும். தமனி அடைப்பை, அதிலும் முதல் நாட்களில், தவறவிடக்கூடும். நாள் நிரம்பிப் பிறந்த குழந்தைக்கு அடைப்பு வந்தால் பெரும்பாலும் முதல் ஓரிரு நாளில் ஒரு கை அல்லது கால் வெட்டி இழுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். குறைமாதக் குழந்தை பல நேரம் எந்த அடையாளமும் காட்டாது. பெரியவர்களைப் போல வாய் கோணுவதில்லை, கை தொங்குவதில்லை. மூளையின் இயக்கப் பாதைகள் அந்த வயதில் இன்னும் முழுதாக வேலைக்கே வரவில்லை. வேலைக்கு வரும்போதுதான் குறை தெரியும். பிறந்த மாதம் நன்றாக இருந்தாள் என்பது ஐந்தாம் மாதத்துக்கு உத்தரவாதம் ஆகாமல் போவது இதனால்தான்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கிறது. நீரறைகளை ஒட்டி நரம்பிழைகள் ஓடும் வெண்பொருள் என்ற பகுதி, ரத்த ஓட்டம் குறைந்தாலோ தொற்று வந்தாலோ சேதமடையும். சேதம் நடந்து இரண்டு முதல் நான்கு வாரம் கழித்தே அங்கே சிறு சிறு குழிகள் ஸ்கேனில் தெரியவரும். அதனால்தான் முதல் மூன்று நாள், ஏழாம் நாளையொட்டி, நான்காம் வாரம், பிறகு நாள் நிரம்பியிருக்க வேண்டிய நேரம் என்று திரும்பத் திரும்ப எடுப்பார்கள். மருத்துவமனைக்கு மருத்துவமனை சற்று மாறும். தம்பி, அந்தக் கடைசி ஸ்கேன் எடுத்தார்களா என்று மருத்துவச் சீட்டைப் பாருங்கள். இல்லையென்றால் கேட்டு எடுத்துவிடுங்கள். கால்களுக்குப் போகும் நரம்பிழைகள் நீரறைக்கு மிக அருகில் ஓடுகின்றன. ஆகவே இந்தச் சேதத்தில் கைகளைவிடக் கால்கள் விறைக்கும். துணி மாற்றும்போது தொடைகள் பிரிய மறுப்பது, தூக்கி நிறுத்தினால் கால்கள் கத்தரிக்கோல் போட்டு முன்பாதத்தில் நிற்பது, இவை அதன் அடையாளம்.

திருத்திய வயது மூன்று முதல் ஐந்து மாதத்துக்குள், விழித்து மகிழ்ச்சியாகப் படுத்திருக்கும் குழந்தையின் கழுத்து, தோள், மணிக்கட்டு, இடுப்பு எல்லாம் ஓயாமல் சிறு சிறு அசைவுகளாக நெளிந்துகொண்டிருக்கும். பயிற்சி பெற்றவர் அதை வீடியோவில் பார்த்தே, பெருமூளை வாதம் (மூளைச் சேதத்தால் கைகால் அசைவு பாதிக்கப்படும் நிலை) வரக்கூடிய குழந்தையைப் பெரும்பாலும் இனம் கண்டுவிடுவார். மல்லாக்கப் படுக்கவைத்து, பொம்மை எதுவும் காட்டாமல், கைப்பேசியில் சில நிமிடம் எடுத்துக்கொண்டு போங்கள். செலவில்லாத சோதனை.

ஒரு கை பின்தங்கினால், நல்ல கைக்கு மென்மையான கையுறை போட்டு, பின்தங்கிய கையை விளையாட்டால் இழுக்கும் பயிற்சி உண்டு. ஒரு வயதுக்கு முன்பே தொடங்கலாம். நான் பார்க்கும் குழந்தைகளில் பலர் இரண்டு வயதுக்கு மேல் வருகிறார்கள், ஏதோ ஒரு ஊரில் எண்ணெய்க் கட்டு போட்டு ஓராண்டைக் கழித்துவிட்டு. ஸ்டெம் செல் ஊசி என்று லட்சக்கணக்கில் கேட்பவர்களும் இருக்கிறார்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி பெருமூளை வாதத்துக்கு அது அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை அல்ல. நிலத்தை விற்றுவிடாதீர்கள்.

வாலாஜா வழிப்போக்கன்:

எல்லாரும் பிறகு என்ன செய்வது என்றே பேசுகிறீர்கள். வராமல் தடுத்திருக்க முடியாதா? வலி எடுத்து வந்த பெண்ணுக்கு முன்கூட்டியே போட ஊசி உண்டு என்று படித்திருக்கிறேன். அதை ஏன் போடவில்லை என்று கேட்கத் தெரியாத ஏழைகள்தானே இவர்கள்? தறிக்காரர் வழக்குப் போட வேண்டும்.

ஓய்வுபெற்ற செவிலி, சத்துவாச்சாரி:

வழக்குக்கு அவசரப்படாதீர்கள். ஊசி உண்டு, உண்மை. தாய்க்கு ஸ்டீராய்டு கொடுத்தால் குறைமாதக் குழந்தையின் நுரையீரல் முதிர்கிறது என்று நியூசிலாந்தில் லிகின்ஸ், ஹோவி இருவரும் 1972இல் வெளியிட்டார்கள். மூளைக் கசிவும் அதனால் குறைகிறது. நம் நாட்டில் டெக்ஸாமெத்தசோன் 6 மில்லிகிராம், 12 மணி நேர இடைவெளியில் நான்கு ஊசி. விலை சொற்பம். முதல் ஊசியைத் துணைச் சுகாதார நிலையத்தில் கிராமச் செவிலியரே போட்டு அனுப்பலாம் என்று 2014இலேயே மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்துவிட்டது. 32 வாரத்துக்கு முன் பிரசவம் உறுதி என்றால் மெக்னீசியம் சல்பேட்டும் கொடுப்பார்கள், அது பெருமூளை வாதத்தைக் குறைக்கிறது.

ஆனால் இதெல்லாம் வேலை செய்ய நேரம் வேண்டும். ஸ்டீராய்டின் முழுப் பலன் கிடைக்க ஒரு நாளாவது ஆகும். வந்த சற்று நேரத்தில் பிரசவமானால் போட்டும் பாதிதான். அந்த ஒரு நாள் எங்கே தொலைகிறது என்று கேளுங்கள், அது நியாயமான கேள்வி. இடுப்பு இறுகி இறுகி விடுவதைச் "சூட்டு வலி" என்று சீரகத் தண்ணீர் கொடுத்து விடியும்வரை காத்திருக்கும் வீடுகளில் தொலைகிறது. சிறு மருத்துவமனை ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குச் சீட்டு எழுதி அனுப்பும் வழியில் தொலைகிறது. தாய்வீட்டுக்கு அனுப்பும்போது பக்கத்தில் பச்சிளங்குழந்தைத் தீவிரப் பிரிவு எங்கே இருக்கிறது என்று யாராவது கேட்கிறோமா? சீர்த்தட்டை எண்ணுகிறோம்.

இன்னொன்று. குழந்தை பிறந்த பிறகு குலுங்கக் குலுங்க ஆம்புலன்ஸில் கொண்டுவருவதைவிட, வயிற்றில் இருக்கும்போதே தாயைப் பெரிய மருத்துவமனைக்கு மாற்றுவது கசிவைக் குறைக்கும்.

அணைக்கட்டு ஆசிரியர்:

செவிலியம்மா நேரத்தைப் பற்றிச் சொன்னதால் எழுதுகிறேன். பீஞ்சமந்தை மலையில் பணிபுரிந்தவன். சுற்றியுள்ள சிற்றூர்கள் சிலவற்றில் மழை பெய்தால் வண்டி ஏறாது. டோலி கட்டித்தான் இறக்க வேண்டும். அங்கே ஒரு பெண்ணுக்கு ஏழாம் மாதம் வலி எடுத்தால் "உடனே வா" என்பதற்குப் பொருளே வேறு. வேலூரில் அமெரிக்க மருத்துவர் ஐடா ஸ்கடர் 1900இல் ஒரு படுக்கையோடு தொடங்கியது இன்று உலகம் அறிந்த சிஎம்சி மருத்துவமனை. அடுக்கம்பாறையில் அரசு மருத்துவக் கல்லூரி. நாட்டின் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் ரயிலேறிக் காட்பாடியில் வந்து இறங்குகிறார்கள். எங்கள் மலையிலிருந்து இறங்குவதுதான் கடினம்.

வழக்குப் போடச் சொன்னவர் சாலை போடச் சொல்லியிருக்கலாம்.

வாலாஜா வழிப்போக்கன்:

சாலையும் கேட்கிறேன். ஆனாலும் பெற்றவர்களுக்கு விளக்கிச் சொல்வது மருத்துவமனையின் கடமை. மூளையில் கசிவு என்பதைச் சீட்டில் ஆங்கிலத்தில் எழுதிவிட்டு "தேதிக்கு வாருங்கள்" என்றால் எத்தனை பேர் வருவார்கள்? இதில் நான் மாறப்போவதில்லை.

ராணிப்பேட்டை அம்மா:

இதில் நானும் அவர் பக்கம்தான்.

பாலாற்றுப் பெரியவர்:

எண்ணெய் வேண்டாம் என்று சொல்லவில்லை, மூக்கில் வேண்டாம் என்கிறார்கள், அதுவரை சரி. வேறொரு விஷயம். என் தங்கையின் பேத்திக்கு ஒரு பையன். அவனும் குறைமாதம்தான், கண்ணாடிப் பெட்டியில் வைத்திருந்தார்கள், அப்போதே தலையில் கசிவு என்று சொன்னதாக இன்று விசாரித்ததில் தெரிகிறது. இப்போது ஏழெட்டு மாதம் இருக்கும். தூங்கி எழுந்ததும் இரண்டு கையையும் விரித்து, தலையை முன்னால் வெட்டுகிறான். உடனே விட்டுவிடும். கொஞ்ச நேரத்தில் மறுபடி. அப்படியே வரிசையாக வருகிறது. வீட்டில் "பயந்திருக்கிறான்" என்று மந்திரித்துக் கயிறு கட்டியிருக்கிறார்கள். முன்பெல்லாம் சிரித்துக்கொண்டிருந்தவன் இப்போது முகம் பார்ப்பதில்லை என்று என் தங்கை அழுகிறாள். இதுவும் அந்தக் கசிவோடு சேர்ந்ததா?

ஓய்வுபெற்ற செவிலி, சத்துவாச்சாரி:

ஐயா, இன்றே கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். நாளைக்கு அல்ல. அது பயம் இல்லை, குழந்தைப் பருவத்துக்கே உரிய ஒருவகை வலிப்பாக இருக்கக்கூடும். மூளையில் முன்பே காயம்பட்ட குழந்தைகளுக்கு மூன்று முதல் ஏழு மாதத்தையொட்டி அதிகம் தொடங்கும். தூங்கி எழும் நேரத்தில் வரிசையாக வரும். வாயில் நுரை இல்லை, நீண்ட வெட்டு இல்லை என்பதால் வலிப்பு என்று வீட்டில் யாருக்கும் தோன்றாது. கற்றது ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போவதுதான் இதன் கொடுமை. சிகிச்சை எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது.

அடுத்த முறை வரும்போது கைப்பேசியில் வீடியோ எடுக்கட்டும். பார்த்தவுடன் மருத்துவருக்குப் புரியும், மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈஈஜி எடுத்து உறுதி செய்வார்கள். கயிறு கையில் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும், அதற்காகச் சண்டை போட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

குடியாத்தம் தறிக்காரன்:

பெரியவர் ஐயா, குழந்தை நலமாகட்டும்.

எங்கள் பக்கம்: தறியை நிறுத்திவிட்டு மனைவியோடு போய்வந்தேன். நாள் நிரம்பும் வேளை ஸ்கேன் எடுக்கப்படவே இல்லை என்று சீட்டில் தெரிந்தது, கேட்டவுடன் எடுத்துவிட்டார்கள். கசிவு கரைந்திருக்கிறது, நீரறை வீங்கவில்லை, குழிகள் இல்லை. தலைச்சுற்றளவு கோட்டுக்குள் இருக்கிறது. விழித்திரைப் பரிசோதனை முதல் மாதத்திலேயே முடித்திருந்தார்கள். செவிப் பரிசோதனை பாக்கி, அதற்கும் தேதி வாங்கிவிட்டோம். திருத்திய வயது மூன்று மாதம் ஆனதும் அசைவு வீடியோவோடு வரச் சொல்லியிருக்கிறார்கள். மாமியாரும் கூட வந்திருந்தார். காரணம் எதுவும் தாய் செய்ததல்ல என்று மருத்துவர் அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னார். அதற்காகவே போனது தகும்.

ஒரு சந்தேகம். பிறகு பயிற்சி தேவைப்பட்டால் செலவுக்கு என்ன வழி? ஊனச் சான்று இப்போதே வாங்க வேண்டுமா?

ராணிப்பேட்டை அம்மா:

இப்போது வேண்டாம் தம்பி. அவளுக்கு எதுவும் வராமலே போகலாம். பயிற்சி தேவைப்பட்டால் சான்று இல்லாமலே அரசு மருத்துவமனையின் மாவட்ட ஆரம்ப இடையீட்டு மையத்தில் (வளர்ச்சிக் குறைகளைச் சிறு வயதிலேயே கண்டு பயிற்சி கொடுக்கும் இடம்) இலவசமாகக் கிடைக்கும். 2013இல் தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் வருவது. அடுக்கம்பாறையில் விசாரியுங்கள். அங்கன்வாடிக்கு வரும் மருத்துவக் குழுவிடம் சொன்னாலும் பதிந்து அனுப்புவார்கள்.

பெருமூளை வாதம் என்று உறுதியானால் பிறகு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை எடுக்கலாம். 2016ஆம் ஆண்டுச் சட்டத்தில் உள்ள 21 வகைகளில் அதுவும் ஒன்று. அட்டை வந்ததும் தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீட்டில் சேருங்கள். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை; வெளிநோயாளியாகப் போய்ப் பிசியோதெரபி எடுப்பதற்கும் அதில் ஒரு தொகை உண்டு. மறுபரிசோதனைக்குப் போகும் ஒவ்வொரு முறையும் பிறந்தபோது கொடுத்த மருத்துவச் சீட்டின் நகலை எடுத்துப் போங்கள். மூலத்தை யாரிடமும் விட்டுவராதீர்கள். எங்களுடையது ஒரு மேசையிலிருந்து இன்னொரு மேசைக்குப் போகும் வழியில் காணாமல் போய்விட்டது.

பாலாற்றுப் பெரியவர்:

பையனைச் சேர்த்துவிட்டார்கள். வீடியோவைப் பார்த்த உடனே மருத்துவர் தலையசைத்தாராம். ஈஈஜியில் தெரிந்துவிட்டது. மருந்து தொடங்கியாயிற்று, ஏதோ ஸ்டீராய்டாம். வெட்டுவது குறைந்திருக்கிறது, நின்றுவிட்டது என்று இன்னும் சொல்லவில்லை. செவிலியம்மா, அடுத்த மாதம் அவனுக்குத் தட்டம்மை ஊசி போட வேண்டிய மாதம். இந்த மருந்து கொடுக்கும்போது போடலாமா என்று என் தங்கை கேட்கிறாள். வார்டில் கேட்க வெட்கப்படுகிறாள்.

ஓய்வுபெற்ற செவிலி, சத்துவாச்சாரி:

நல்ல கேள்வி, வெட்கப்பட ஒன்றுமில்லை. அதிக அளவில் ஸ்டீராய்டு கொடுக்கும்போது தட்டம்மை ஊசி போன்ற உயிருள்ள கிருமித் தடுப்பூசிகளைத் தள்ளிவைப்பார்கள். மருந்து முடிந்து எத்தனை வாரம் கழித்து என்பதை அந்த மருத்துவரே சொல்லட்டும். அதுவரை காய்ச்சல், அம்மை, இருமல் உள்ள யாரும் அவனைத் தூக்க வேண்டாம். பசி கூடும், முகம் உப்பும், எரிச்சல்படுவான், பயப்பட வேண்டாம். ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்ப்பார்கள். மருந்தைத் தாங்களாகவே திடீரென்று நிறுத்திவிடக் கூடாது, வெட்டு நின்றுவிட்டாலும் சரி. இதை மட்டும் உங்கள் தங்கையிடம் இரண்டு முறை சொல்லுங்கள், ஐயா.